ஏலத்தில் ஏறிய பாட்டுப்பெட்டி

பாட்டுப்பெட்டி என்று எம் முன்னோர் அழைத்த கிராமபோனை இக்கால இளைஞர் பலர் படத்தில் மாத்திரமே கண்டிருப்பர். பெரியோர்களோ அதனைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஊமத்தம்பூப் போல வாய் விரிந்த குழலும் அதன் முன்னே செவி சாய்த்திருக்கும் நாயும் அவர்கள் மனக்கண்ணில் இன்னும் நிற்கும். அப்பெட்டி பிறந்த கதையைப் பலர் எழுதியுள்ளனர். அதன் விலையின் கதையை, அதாவது கடையில் புதிதாக விற்ற நாள் தொடக்கம் ஏலமண்டபத்தில் பழம்பொருளாக ஏறிய நாள்வரை அது பெற்ற விலை என்ன, அவ்விலையிற் பங்கு கொண்டவர் யார் யார் என்பதை எம்மவர் எழுதியதாக நான் கண்டிலேன். இம்மலரில் அதனை எழுத முற்பட்டமைக்கு எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவமே காரணம்.

எங்கள் அம்மம்மாவின் தகப்பனார் மலாயாவில் புகையிரதப் பகுதியில் இலிகிதராயிருந்து, இளைப்பாறி ஊர் திரும்பியவர். அக்காலத்து மலாயாப் பென்சன்காரர் வீடுகள் பலவற்றைப் போல அவர் வீட்டுக்கும் ஒரு தேக்கு அலுமாரியும், ஒரு சுவர் மணிக்கூடும், மூடிக் கையில் தூக்கிச் செல்லத்தக்க ஒரு கிராமபோனும் கப்பலேறி வந்தன. 1990ஆம் ஆண்டிற்குப் பின் குடாநாடு மின்சாரமின்றி இருண்டு கிடந்த காலத்தில், அயலவர்கள் சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். இப்பெட்டிக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. கைபிடியை முறுக்கிவிட்டால் பாடியது என்று அம்மா சொல்லுவார். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது அதனைச் சாக்கிற் கட்டி மாட்டுக்கொட்டிலில் வைக்கோலுக்குள் மறைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது வீட்டுக் கூரை இல்லை. பெட்டி இருந்தது. தட்டுகளில் ஏறக்குறைய அரைவாசி உடைந்துபோயிருந்தன.

சென்ற ஆவணியில் பழைய சாமான் வாங்கும் ஒருவர் படலையடியில் வந்து நின்று, பெட்டியைத் திறந்து பார்த்து, எட்டாயிரம் ரூபா தருவதாகச் சொன்னார். அருகில் அடுக்கியிருந்த தட்டுகளை அவர் தொடவே இல்லை. "தட்டு வேண்டாம் அம்மா, பெட்டியை மட்டும் தாங்கோ" என்றார். "அப்ப தட்டுகளை நான் எதிலை போட்டுக் கேக்கிறது?" என்று அம்மம்மா கேட்டதற்கு அவரிடம் மறுமொழி இல்லை. அன்றிரவு இலண்டனிலிருந்து மாமா தொலைபேசியில், "எட்டாயிரத்துக்குக் குடுத்துப்போடாதேங்கோ அம்மா. இஞ்சை ஏலத்திலை உப்பிடிப் பெட்டி இருநூறு பவுணுக்குப் போகுது" என்றார். அம்மம்மா என்னைப் பார்த்து, "மோனை, இரண்டு விலைக்கும் நடுவிலை உள்ள காசை ஆர் தின்னுறான்?" என்று கேட்டார். பட்டப்படிப்புப் படிக்கும் நான் வாயடைத்து நின்றேன். இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிக்கொண்ட விடை.

ஏலம் என்னும் சொல்லே எமக்குப் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. அவர்களது 'லெய்லாவ்' தமிழில் ஏலமாயிற்று. சிங்கள மக்கள் வழங்கும் 'வெந்தேசிய' என்பது ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்தது. சொல் பிறநாட்டதாயினும் தொழில் எமக்குப் புதியதன்று. குருநகரிலும் பாசையூரிலும் கரைக்கு வந்த மீனைக் கூறி விற்பதை நாம் நாளாந்தம் காண்கிறோம். கடனிறுக்க மாட்டாதவனின் வளவைப் பிஸ்கால் ஏலத்தில் விற்ற கதைகளைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். திருவிழா முடிவில் சுவாமிக்குப் படைத்த மாம்பழமொன்றை ஏலங்கூறும்போது, சந்தையில் நூறு ரூபாவும் பெறாத பழம் பல்லாயிரத்துக்கு ஏறுவதையும் பார்த்திருக்கிறோம். மீன் ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பது பசி. பிஸ்கால் ஏலத்தில் விற்பவனின் இடுக்கண். கோயில் ஏலத்தில் பக்தியும், உண்மையைச் சொன்னால், சிறிது வீம்புமாகும். பழம்பொருள் ஏலம் இந்த மூன்றாவதற்கே நெருங்கிய உறவு. பொருளின் பயனுக்கு அங்கே விலை கூறுவதில்லை.

இனிப் பெட்டியின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்ப்போம். அமெரிக்கராகிய தோமஸ் அல்வா எடிசன் 1877ஆம் ஆண்டின் இறுதியில், உருளையொன்றின்மீது சுற்றிய வெள்ளீயத் தாளில் ஊசியாற் குரலைப் பொறித்து மீண்டும் ஒலிக்கச் செய்தார். போனோகிராப் என அவர் பெயரிட்ட அக்கருவிக்கு 1878 பெப்ரவரியில் ஆக்கவுரிமை கிடைத்தது. ஈயத்தாள் விரைவிற் கிழிந்தது. 1886இல் சிச்செஸ்ரர் பெல், சாள்ஸ் தெயின்ரர் என்போர் மெழுகு உருளைக்கு உரிமை பெற்றனர். ஜேர்மனியின் ஹனோவரிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய எமில் பேர்லினர், உருளையைக் கைவிட்டுத் தட்டையான வட்டத்தட்டைக் கொண்டுவந்து 1887இல் கிராமபோன் என்ற பெயரில் உரிமை பெற்றார். உருளை ஒவ்வொன்றையும் தனித்தனியே பாடிப் பதியவேண்டியிருந்த காலத்தில், தட்டை ஓர் அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுக்கலாம் என்பதே அவர் கண்ட பெரும் வாய்ப்பு. எடிசனது கொம்பனி உருளையை விடாப்பிடியாக நெடுநாள் காத்து, 1929 ஒக்டோபரில் இத்தொழிலையே மூடிவிட்டது.

முதல் விலைகளை நோக்கினால் வியப்பாயிருக்கும். 1889 அளவில் பேர்லினரின் கருவி ஜேர்மனியில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாகவேயாம். பொம்மை செய்யும் கொம்பனி ஒன்று அதனைச் செய்தது. எடிசனின் 'ஸ்ராண்டட்' வகை 1898இல் இருபது டொலருக்கும், 'ஜெம்' என்னும் சிறுவகை 1899இல் ஏழரை டொலருக்கும் விற்றன. 1906இல் விக்ரர் கொம்பனி, குழலைப் பெட்டிக்குள் ஒளித்து, அலுமாரி போன்ற 'விக்ரோலா'வை இருநூறு டொலருக்கு வெளியிட்டது. குழல் வெளியே தெரிவது நாகரிகமன்று என்று அன்றைய சீமாட்டிகள் கருதினராம். இன்றைய ஏலத்தில் நிலை தலைகீழ். குழல் தெரியும் பெட்டிக்கே கை உயர்கிறது. விக்ரோலா அலுமாரிகள் பலவற்றைத் தூக்கிச் செல்லும் கூலியே அவற்றின் விலையை விஞ்சிவிடும். பொம்மையாய் விற்ற பேர்லினர் கருவியோ ஆயிரக்கணக்கில் விலைபோகிறது. பிள்ளைகள் உடைத்தவை போக எஞ்சியவை சிலவே என்பதுதான் காரணம்.

எமது பக்கம் இக்கருவி வந்த வரலாறு தனியே ஒரு நூலுக்கு உரியது. இலண்டனில் 1898இல் தோன்றிய கிராமபோன் கொம்பனி, பிரெட் கைஸ்பேர்க் என்பவரைக் கீழைத்தேசங்களுக்கு அனுப்பியது. அவர் 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிந்தார். பாட்டின் முடிவில் கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்திற் கூவிச் சொல்வது அத்தட்டுகளிற் கேட்கும். அதில் தற்பெருமை இல்லை. அச்சுகள் கப்பலில் ஹனோவருக்குப் போய்த் தட்டாக வேண்டியிருந்தமையால், அங்குள்ள தொழிலாளி எந்தத் தட்டு எவருடையது என்று அறிவதற்காகச் செய்த ஏற்பாடு அது. 1908இல் கல்கத்தாவின் சியல்டாவில் தொழிற்சாலை திறந்தபின் தட்டுகள் இந்தியாவிலேயே ஆயின.

தென்னாட்டிற் கோயம்புத்தூர்த் தாயி அம்மாள் நூற்றுக்கணக்கான தட்டுகள் கொடுத்து, 1917இல் மறைந்தார். அவரது தட்டொன்றைக் கேட்டு மயங்கிய பிரெஞ்சு இசைஞர் மொறிஸ் டெலாஜ், 'இராகமாலிகா' என்று பெயரிட்டே குரலுக்கும் பியானோவுக்குமென ஓர் உருப்படி இயற்றினார். 1926இல் இலங்கைக்கு நாடகமாட வந்த இடத்தில் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் சந்தித்ததை எம் பெரியோர் அறிவர். 1933இல் கிட்டப்பா இளவயதிலேயே மறைந்தார். அவர் குரல் தட்டில் இருந்தமையாலேயே எனக்கும் உங்களுக்கும் கிடைத்தது. திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளையின் தோடித் தட்டு ஓடாத பாட்டுப்பெட்டி தமிழர் வீடுகளில் இருந்திராது என்றே சொல்லலாம். சதிராடும் குலத்துப் பெண்கள் என்று சொல்லி, வீட்டு விறாந்தையில் ஏறவிடாத பாடகிகளின் குரலை அதே வீட்டார் நடுக்கூடத்தில் வைத்துக் கேட்டார்கள் என்பதையும் ஈண்டு மறைக்காமற் சொல்லவேண்டும்.

இப்பெட்டியை வெறுத்த பெரியார் ஒருவரும் எம்மிடையே இருந்தார். எடிசன் போனோகிராப்பைக் கண்ட அதே 1877இல் கொழும்பிற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர், 1909இல் தாம் வெளியிட்ட தேசிய இலட்சியம் பற்றிய கட்டுரை நூலில் கிராமபோனுக்கென ஒரு கட்டுரையையே ஒதுக்கினார். பாடுவோனுக்கும் கேட்போனுக்கும் நடுவே யந்திரம் புகுவது கலையைத் தேய்க்கும், பாணர் பிழைப்பைக் கெடுக்கும் என்பது அவர் துணிபு. எனினும் ஆராய்ச்சிக்காகப் பாடல்களைப் பதிந்து வைக்கும் கருவி என்ற அளவில் அதற்கு ஓர் இடம் உண்டென்பதை அவரும் ஒப்பினார். அதற்குச் சான்று அவர் காலத்திலேயே இத்தீவிற் கிடைத்தது. 1907, 1908ஆம் ஆண்டுகளில் செலிக்மன் தம்பதியர் வேடர்களின் பாடல்களை மெழுகு உருளைகளிற் பதிந்தார்கள். அவ்வுருளைகள் இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. அங்கே அவற்றுக்கு விலை கேட்பார் எவருமில்லை, கேட்டாலும் விற்பாரில்லை.

பெட்டி பழம்பொருளாவதற்கு முன்னே குப்பையான காலம் ஒன்று இருந்தது. 1925இல் மின்சாரத்தாற் குரல் பதியும் முறை வந்தது. குழல் முன்னே நின்று கத்திப் பாடிப் பதிந்த பழைய தட்டுகளின் மதிப்பு விழுந்தது. இரண்டாம் உலகப் போரில் அரக்குக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. தட்டுக்குரிய அரக்குப் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனதாகும். 1942இல் அமெரிக்க அரசு அரக்குப் பாவனையைக் கடுமையாகக் குறைக்கவே, பழைய தட்டுகளைக் கொடுத்துப் புதியது வாங்கும் வழக்கம் பரவியது. அவ்விதம் உருகிப்போன குரல்கள் எத்தனையோ! 1948இல் நீண்ட நேரம் ஓடும் புதுவகைத் தட்டு வந்து மேனாடுகளிற் பழைய 78 சுற்றுத் தட்டை ஒழித்தது. ஆனால் மின்சாரமில்லாக் கிராமங்கள் நிறைந்த இந்தியாவில், கைபிடியால் முறுக்கும் பெட்டிகள் இருக்கும்வரை அதற்குரிய தட்டும் வேண்டியிருந்தது. ஆகவேதான் 1960களிலும் டம் டம் தொழிற்சாலையில் பீட்டில்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞர் குழுவின் பாட்டுகளை 78 சுற்றுத் தட்டில் அழுத்தினார்கள். கிராமத்துப் பெட்டிக்கென்று செய்த அத்தட்டுகளை இன்று மேனாட்டுச் சேகரிப்பாளர் பெருவிலை கொடுத்துத் தேடுகின்றனர்.

இப்போது ஏலமண்டபத்துக்கு வருவோம். சொதபி ஏலநிலையம் 1744இலும் கிறிஸ்ரி 1766இலும் இலண்டனில் தொடங்கியவை. ஓவியமும் தளபாடமும் விற்ற இடங்களில், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பாட்டுப்பெட்டிக்கும் தனி நாள் கிடைத்தது. 2017இல் மூடப்படும்வரை கிறிஸ்ரியின் தென் கென்சிங்ரன் மண்டபம் இவ்வகைப் பொருளுக்குப் பேர்பெற்றதாக விளங்கியது. அங்கு அதற்குப் பொறுப்பாயிருந்த கிறிஸ்ரோபர் பிறவுட்பூட் 1980இல் எழுதிய நூலைச் சேகரிப்போர் இன்றும் கையில் வைத்திருக்கின்றனர்.

எப்பெட்டிக்கு விலை ஏறும்? அருமையும், பழுதுபடாத நிலையும், பின்னே ஒரு கதையும் வேண்டும். 1878 காலத்து ஈயத்தாள் போனோகிராப் பல்லாயிரம் பெறும். எடிசனின் ஸ்ராண்டட் போல இலட்சக்கணக்கிற் செய்தவை சில நூறு டொலருடன் நின்றுவிடும். கதையின் வலிமைக்கு நாய்ப்படமே சிறந்த எடுத்துக்காட்டு. பிரான்சிஸ் பறோட் என்னும் ஓவியர், இறந்த தமையனின் நாய் நிப்பர் உருளைப் போனோகிராப் ஒன்றைக் கேட்பதாக வரைந்தார். வாங்குவார் இல்லை. கிராமபோன் கொம்பனி, உருளைக் கருவியை அழித்துத் தன் தட்டுக் கருவியை வரைந்தால் வாங்குவதாகக் கூறியது. 1899இல் படத்துக்கு ஐம்பது பவுணும் உரிமைக்கு ஐம்பது பவுணும் கொடுத்தது. நூறு பவுணுக்குப் போன அப்படம் உலகெங்கும் அறியப்பட்ட வணிகக் குறியாயிற்று. அந்த நாயின் முன்னே நிற்கும் அதே வகைப் பெட்டியைச் சேகரிப்போர் 'நாய் மொடல்' என்றே அழைத்து, ஒத்த காலத்து வேறு பெட்டிகளுக்குக் கொடாத விலையை அதற்குக் கொடுக்கின்றனர். ஒலியில் வேற்றுமை எதுவுமில்லை. நாய்க்குத்தான் அந்த மேலதிகக் காசு!

அம்மம்மா கேட்ட கேள்விக்கு விடை 1975இல் இருக்கிறது. அதுவரை இலண்டன் ஏலநிலையங்கள் விற்பவரிடம் மாத்திரமே தரகு வாங்கின. அவ்வாண்டு கிறிஸ்ரியும் சில நாள் இடைவெளியிற் சொதபியும், வாங்குபவரும் சுத்தியல் விழுந்த விலைக்கு மேலே பத்து வீதம் கட்டவேண்டும் என்று விதித்தன. வணிகர்கள் கொதித்தனர், இரு நிலையங்களும் கூடிப்பேசிச் செய்தவை எனக் குற்றஞ்சாட்டினர். ஆயினும் கட்டணம் நின்றுவிட்டது. நின்றதோடு வளர்ந்தும் வந்தது. 1990களில் இரு நிலையங்களும் விற்பவர் தரகைக் குறையாமற் காக்க மறைவாக உடன்பட்டமை 2000ஆம் ஆண்டில் வெளிப்பட்டு, வாடிக்கையாளருக்கு 512 மில்லியன் டொலர் ஈடு செலுத்த நேர்ந்தது. சொதபியின் தலைவராயிருந்த அல்பிரட் ரோப்மன் சிறை சென்றார். அதற்குப் பின்னரும் வீதம் இறங்கவில்லை. 2024இல் சொதபி அதனை இருபது வீதமாக்கிப் பார்த்தது. ஓராண்டுக்குள் கைவிட்டு, 2025 பெப்ரவரி முதல் இரண்டு மில்லியன் டொலர் வரையான விலைக்கு 27 வீதம் என்று விதித்தது.

எங்கள் பெட்டி போன்றவை சிறிய ஏலநிலையங்களிலேயே விலைப்படும். வீதம் இடத்துக்கிடம் வேறுபடினும், ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சுத்தியல் இருநூறு பவுணில் விழுந்ததென்று கொள்வோம். வாங்குவோர் கட்டணம் 25 வீதமாயின் ஐம்பது பவுண். அந்த ஐம்பதுக்கு 20 வீதம் பெறுமதி சேர் வரி பத்து. வீட்டிலிருந்து இணையத்தில் விலை கேட்டவராயின் இணையக் கட்டணம் 5 வீதம் பத்து, அதற்கு வரி இரண்டு. ஆகவே வாங்கியவர் கட்டுவது 272 பவுண். இனி விற்பவர் பக்கம்: தரகு 15 வீதம் முப்பது, அதற்கு வரி ஆறு, கையிற் கிடைப்பது 164. நடுவிலே போனது நூற்றெட்டுப் பவுண். அர்ச்சனைக்குரிய எண்ணாக வந்தது தற்செயலே! இவற்றுக்கு மேல் யாழ்ப்பாணத்திலிருந்து பெட்டியைப் பொதிசெய்து அனுப்பும் கூலியும், அங்கே சுங்கமும் இருக்கின்றன. அவற்றையும் கழித்தால் மாமா சொன்ன இருநூறு பவுண் வெகுவாக மெலிந்து போகும். எட்டாயிரம் என்ற வியாபாரியை முதலில் நான் மனத்துட் கடிந்தேன். கணக்கைப் போட்டபின் அவ்வளவு கடிய மனம் வரவில்லை.

வாங்குவோர் கட்டணத்தை வாங்குபவர்தானே கொடுக்கிறார், விற்பவருக்கு அதனால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆனால் கையில் 272 பவுண் மட்டும் செலவிடத் துணிந்த ஒருவர் ஏலத்தில் எங்கே நிற்பார்? இருநூறில் நின்றுவிடுவார், மேலே கட்டணம் காத்திருப்பதை அறிந்தவராதலால். கட்டணம் இல்லையாயின் இன்னும் மேலே போயிருப்பார். ஆகவே வாங்குவோர் பெயரில் எழுதிய கட்டணத்திற் பெரும்பகுதி விற்பவன் மடியிலிருந்தே போகிறது. எங்கள் சந்தைகளில் தோட்டக்காரர் நெடுங்காலமாக முறையிடும் பத்து வீதக் கழிவை நினைத்துப் பாருங்கள். நூறு கிலோ கத்தரிக்காய் கொண்டுபோனால் தொண்ணூறு கிலோவுக்கே காசு. இலண்டனிலும் அதே பத்து வீதத்தில்தான் தொடங்கினார்கள். எம்மவர் விற்பவனிடம் வெளிப்படையாகக் கழித்தார்கள். அவர்கள் வாங்குபவன் பற்றுச்சீட்டில் எழுதினார்கள். எம் தோட்டக்காரனுக்குத் தான் இழந்தது எவ்வளவென்றாவது தெரியும். பெட்டியை அனுப்பியவருக்கு அதுவும் தெரியாது.

அப்படியானால் எட்டாயிரத்துக்குக் கொடுத்துவிடலாமே என்று அம்மா சொன்னார். அப்போதுதான் இன்னொரு விடயத்தை அறிந்தேன். இந்தியாவில் மும்பை, டெல்கி முதலிய நகரங்களில், புதுப் பித்தளைக் குழலும் புதுமரப் பெட்டியும் செய்து, அதில் நாய்ப்படத்தை ஒட்டி, நூறாண்டுப் பழைய கிராமபோன் என்று உல்லாசப் பயணிகளுக்கு விற்கும் தொழில் பல்லாண்டாக நடைபெறுகின்றது. ஆங்கிலச் சேகரிப்பாளர் இவற்றுக்கு இழிபெயர் ஒன்று சூட்டியுள்ளனர். குழல் கண்ணைப் பறிக்கும் மினுக்கமாயிருக்கும், படம் சற்றுக் கோணலாயிருக்கும், மரத்திற் பழமையின் சுவடு காணாது, திருகாணிகள் புதியவையாயிருக்கும். இவ்வடையாளங்களை இணையத்தில் வாங்க எண்ணும் அன்பர்கள் நினைவில் வைப்பது நன்று. ஆனால் அப்போலிப் பெட்டி ஓடுவதற்கு உள்ளே ஒரு மெய்யான சுருள்வில் யந்திரம் வேண்டும். அதைப் புதிதாகச் செய்வது செலவு. ஆகவே தூக்கிச் செல்லும் பழைய பெட்டிகளைச் சில நூறு, சில ஆயிரம் ரூபாவுக்கு வாங்கி, யந்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு கூட்டை எறிந்துவிடுகிறார்கள். குழல் வெளியே தெரியாத பெட்டிக்குக் கூடத்திற் காட்சிக்கு வைக்கும் அழகு இல்லையென்று, மெய்யானதைக் கொன்று போலிக்கு உயிர் கொடுக்கிறார்கள். எங்கள் படலைக்கு வந்தவர் என்ன எண்ணத்துடன் வந்தாரோ நான் அறியேன். அவர்மீது பழி சொல்லமாட்டேன். ஆனால் அவர் பெட்டியைத் திறந்ததும் தட்டு மேடையைத் தூக்கி உள்ளிருக்கும் யந்திரத்தைத்தான் முதலிற் பார்த்தார் என்பது பின்னரே எனக்கு நினைவுக்கு வந்தது.

அவர் வேண்டாமென்ற தட்டுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் விஸ்கொன்சினில் ஒரு கதிரைக் கொம்பனி, கிராமபோன் அலுமாரிகளையும் செய்து விற்றது. அலுமாரி விலைப்படத் தட்டும் வேண்டுமென்று 'பரமவுண்ட்' என்ற பெயரில் மலிவான தட்டுகளை வெளியிட்டது. ஏழைக் கறுப்பின மக்கள் பாடியவை. பாடியோருக்குக் கிடைத்தது சொற்பம். கொம்பனிக்குக் கதிரைதான் பெரிது. 2013இல் அத்தட்டுகளுள் ஒன்று, டொமி ஜோன்சன் என்பவர் பாடியது, இணைய ஏலத்தில் 37,100 டொலருக்குப் போயிற்று. எங்கள் வீட்டுத் தட்டுகளுக்கு அவ்விதம் விலை வருமென்று நான் சொல்ல வரவில்லை. வராது. தமிழ்த் தட்டுகளைத் தேடுவோர் சிலரே. சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய தட்டு தேடி அலைந்தவர்கள் அந்நாளில் இருந்தார்கள். அச்சந்தையும் 1985இல் எரிந்து போயிற்று. தேடுவார் குறைந்தால் விலை குறையும். விலை குறைந்தால் எறிவார் கூடும். ஏலம் என்பது எதையும் அளந்து சொல்லும் தராசு என்று நம்புவோர் இதனைச் சிந்திக்கட்டும். அந்தத் தராசிலே எங்கள் பெட்டிக்கு நிறை உண்டு, கிட்டப்பாவுக்கு இல்லை.

சட்டமும் இங்கே பெரிதும் கைகொடுக்குமென்று எண்ணுவதற்கில்லை. இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே தொல்பொருள் என்கிறது. கண்டி இராச்சியம் பறிபோன நாள் அது. எடிசன் பிறந்ததே 1847இல்! மேலும், தன் வீட்டுப் பொருளை எவரும் எறிவதைத் தடுக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது. 1981இல் எமது நூலகம் எரிந்ததைப் பேசும்போது நாம் கண்ணீர் வடிக்கிறோம், வடிக்கவும் வேண்டும். வீட்டுப் பரணில் எலி ஓடும் தட்டுகளைப் பற்றி அவ்வாறு பேசக் கேட்டதில்லை. அவற்றை எரிக்க வெளியிலிருந்து எவரும் வரவேண்டியதில்லை அல்லவா?

மார்கழி விடுமுறையில் நான் அத்தட்டுகளை எண்ணினேன். முழுதாயிருப்பவை நாற்பத்தொன்று. ஈரத்துணியால் மெல்லத் துடைத்து, பாடியவர் பெயர், பாட்டு, கொம்பனி, தட்டின் இலக்கம் என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைத்தேன். அரக்குத் தட்டை மதுசாரத்தாற் துடைத்தால் கரைந்துபோகும் என்பதை வேறு வீடுகளில் இவ்வேலையைச் செய்ய எண்ணும் அன்பர்களுக்கு இங்கே சொல்லிவைக்கிறேன், தண்ணீரே போதும். படுக்கையாக அடுக்காமல் நூல்களைப் போல நிமிர்த்தி வைத்தல் வேண்டும். ஒவ்வொன்றையும் ஓடவிட்டுக் கணினியிற் பதிவு செய்ய நினைத்தேன். யந்திரத்திற் கறள் பிடித்திருந்தது. ஊரில் மணிக்கூடு திருத்தும் முதியவர் ஒருவர் இரண்டு நாள் மினக்கெட்டு, சுருள்வில்லைக் கழற்றிக் கழுவி, கிறீஸ் பூசித் தந்தார். கூலி வாங்க மறுத்து, தம் தகப்பனார் கேட்ட பாட்டொன்றைப் போடச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார். அந்தப் பெட்டிக்கு நான் கண்ட வாங்குவோர் கட்டணம் அதுவேயாம்.

மாமாவிடம் பெட்டியை விற்கவில்லை என்று சொல்லியாயிற்று. அம்மம்மா என் கணக்கை முழுவதும் பொறுமையாகக் கேட்டார். நூற்றெட்டுப் பவுண் வந்த இடத்திற் சிரித்தார். பிறகு, "அதெல்லாம் கிடக்கட்டும் மோனை. ஊசி இப்பவும் விக்கிறாங்களோ?" என்று கேட்டார். ஒரு பக்கம் பாடி முடிந்ததும் உருக்கு ஊசியை மாற்றவேண்டும். தேய்ந்த ஊசியை ஓட்டினால் தட்டு அழியும். வீட்டிலிருந்த தகரப் பேணியில் ஒன்பது ஊசிகளே மிச்சம். இப்போதும் செய்து விற்கிறார்கள், நூறு நூறாகப் பொதிசெய்து வருகிறது என்றேன். நாற்பத்தொரு தட்டு, எண்பத்திரண்டு பக்கம் என்று விரல் மடித்து எண்ணி, இருநூறு அனுப்பும்படி மாமாவுக்குச் சொல்லச் சொன்னார்.